எழுபது வளைவுக்கும் தாங்கும்

கார் கம்பெனியிலிருந்து மெயில் வந்திருக்கிறது, இன்னும் திறக்கவில்லை. மணி மூன்று ஏழு. ஒன்பது நாளாக வராத மெயில், வராமலே போயிருந்தால் யாருக்கும் ஒரு குறையும் இல்லை, வந்து நிற்பதுதான் இப்போது குறை. ஷட்டருக்கு வெளியே ஆனிக் காற்று புழுதியை வாரிக்கொண்டு போகிறது. பக்கத்து அலைன்மெண்ட் கடையில் யாரோ ஒரு டயரைத் தரையில் போட்டுச் சுத்தியலால் தட்டுகிறார்கள், தட், தட், கொஞ்சம் நிறுத்தி மறுபடியும் தட். டீ ஆறிவிட்டது. ஆறின டீயைக் குடித்துவிட்டுத் திறக்கலாம். எதற்கு இந்தப் பயம் என்று எனக்கே சிரிப்பு வருகிறது. இந்திராணி, பதினேழு வருடமாகப் பழைய வண்டிகளைப் பார்த்துச் சொல்கிறவள் நீ. வாங்கப்போகிறவனுக்கு முன்னால் போய் வண்டியின் வயிறு, முதுகு, முட்டி எல்லாவற்றையும் தடவிப் பார்த்து இது நிஜம் இது வேஷம் என்று எழுதிக் கொடுக்கிறவள். கோயமுத்தூர் புரோக்கர்கள் உனக்கு ஸ்பேனர் அக்கா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தம்மா வந்தா ஆணியைக்கூட விடாதுங்க, கழட்டிப்போட்டுட்டுத்தான் பேசும் என்பார்கள், எனக்கும் அது காதில் விழுந்தால் கொஞ்சம் பெருமைதான். அப்பேர்ப்பட்டவள் இப்போது ஆர்டர் எடுக்கிற பையன் மாதிரி ஒரு மெயிலுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன். திறந்துதான் என்ன, எல்லாம் சரியாக இருக்கும். நான்தான் ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டேனே. டிக் போட்டாயிற்று. சரியாக இல்லாவிட்டால்தான் என்ன செய்வது என்று யோசிக்க வேண்டும், சரியாக இருக்கும்போது எதற்கு யோசிக்க வேண்டும்.

வண்டி திருச்செங்கோட்டுக்காரருடையது. அதாவது வாங்கியவர். தரணிதரன், ரிக் வண்டி வைத்து ஊர் ஊராகப் போர்வெல் போடுகிற குடும்பம், இருபத்தெட்டு வயதிருக்கும், என்னை மேடம் மேடம் என்று வாய் நிறைய அழைக்கிற பிள்ளை. சின்ன வயதிலிருந்து ஆசையாம், சுவரில் படம் ஒட்டி வைத்திருந்தானாம். வெளிநாட்டு வண்டி, இரண்டே கதவு, சாம்பல் நிறம், எட்டு வருடம் ஓடியது. விற்கிற இடத்தில் சொன்னது, இது சாதாரண வண்டி இல்லை, பெர்ஃபார்மன்ஸ் பேக்கேஜோடு கம்பெனியிலிருந்தே வந்தது என்று. மூன்று சங்கதி அதில் உண்டு. கூடுதல் சக்தி உள்ள என்ஜின், வளைவில் சக்கரம் வீணாகச் சுற்றாமல் பிடிக்கிற பின் கியர் பெட்டி, பெரிய பிரேக். மூன்றையும் சேர்த்தும் வாங்கலாம், தனித்தனியாகவும் வாங்கலாம். கம்பெனியில் எதையெல்லாம் பூட்டினார்கள் என்று டிக்கிக் கம்பளத்துக்கு அடியில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். இந்த வண்டியில் அந்தச் சீட்டு பாதிக்குக் கிழிந்திருந்தது. தண்ணி பட்டு வந்துருச்சுங்க என்றான் புரோக்கர். மீதிப் பாதி அப்படியே காய்ந்து மொடமொடவென்று இருக்க, கிழிந்த பாதியில் மட்டும் எப்படித் தண்ணீர் பட்டது என்று நான் அவனைக் கேட்கவில்லை. சேசிஸ் எண்ணைக் கம்பெனிக்கு அனுப்பிக் கேட்டுவிட்டோமே, அது வந்துவிடும் என்று இருந்தேன். கேட்டிருக்கலாம். ஆனால் லேப்டாப்பை மாட்டிப் பார்த்தால் என்ஜின் நிஜம். வண்டியைத் தூக்கி ஒரு சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தால் பின் பெட்டியும் நிஜம். மூன்றில் இரண்டு நிஜமாக இருந்தால் மூன்றாவது தானாக நிஜம் ஆகிவிடுகிறது, நம் மனசு அப்படி. பொய் சொல்கிறவனுக்கு இது தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்தும் போனேன்.

சரி, திறந்துவிட்டேன். நாற்பத்தாறு வரி. மேலிருந்து வருவோம், அவசரம் இல்லை. பெயிண்ட் நிறம், ஆமாம். உள்ளே கறுப்புத் தோல், ஆமாம். சீட்டைச் சூடாக்கும் வசதி, திருச்செங்கோட்டு வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு உட்காரட்டும். சிகரெட் சாம்பல் தட்டு. மழை வந்தால் தானாக ஓடும் வைப்பர். ஸ்டியரிங்கில் கியர் பேடில். என்ஜின், கூடுதல் சக்தி, இருக்கிறது. பார்த்தாயா, இருக்கிறது. பின் பெட்டி, இருக்கிறது. அடுத்தது கண்ணாடி, அதற்கடுத்தது ஸ்பீக்கர். விட்டுவிட்டேனா. மறுபடியும் மேலிருந்து. விரலை வைத்துக்கொண்டு வருகிறேன், ஒன்றாம் வகுப்பில் வாசிக்கிற மாதிரி ஒவ்வொரு வரியாக. பின் பெட்டி, கண்ணாடி, ஸ்பீக்கர். நடுவில் ஒன்றும் இல்லை. மூன்றாம் முறை கீழிருந்து மேலே போனேன். ஸ்பீக்கர், கண்ணாடி, பின் பெட்டி. பிரேக் இல்லை. இந்த வண்டி கம்பெனியை விட்டு வெளியே வந்தபோது அதில் பெரிய பிரேக் இல்லை.

இல்லை என்றால் என்ன, பின்னால் யாராவது பூட்டியிருப்பார்கள். முதல் சொந்தக்காரன், இரண்டாவது சொந்தக்காரன், பெங்களூரில் வண்டிப் பைத்தியங்கள் எத்தனை பேர் இல்லை. கம்பெனி பிரேக்கையே தனியாக வாங்கிப் பூட்டியிருப்பான். அப்படியானால் நான் எழுதியது பாதி சரி. பிரேக் பெரிது, கம்பெனி பூட்டவில்லை, அவ்வளவுதான். போன் பண்ணிச் சொன்னால் பையன் முகம் கொஞ்சம் சுருங்கும். ஆனால் பெரிய பிரேக்குக்குப் பெரிய டிஸ்க் வேண்டும், நான் பார்த்தது பெரிய டிஸ்க்கா. பார்த்தேனே. என்ன பார்த்தேன். சக்கரத்தின் கம்பிகளுக்கு நடுவில் டார்ச் அடித்துப் பார்த்தேன், சிவப்பாக இருந்தது. டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற கவ்வி, காலிபர் என்போம், பெரிய பிரேக்கில் அது சிவப்பாக இருக்கும், வெள்ளை எழுத்து இருக்கும். சிவப்பு இருந்தது, எழுத்தும் இருந்தது. எழுத்து கொஞ்சம் சாய்ந்திருந்தது. ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஏதோ பிதுங்கி உலர்ந்திருந்தது. கிரீஸ் என்று நினைத்தேன். கிரீஸ் உலருமா இந்திராணி. பதினேழு வருடத்தில் எந்த கிரீஸ் உலர்ந்து பார்த்திருக்கிறாய். அது பசை. ஆன்லைனில் நான்காக விற்கிறான், சிவப்பு மூடி, எழுத்தோடு. சாதாரணக் காலிபர் மேல் பசை போட்டு ஒட்டினால் தூரத்திலிருந்து பெரிய பிரேக் மாதிரியே இருக்கும். சக்கரத்தைக் கழட்டினால் மூன்று நிமிடத்தில் தெரிந்துவிடும். ஐந்து போல்ட்டு. மூன்று நிமிடம்.

ஏன் கழட்டவில்லை. ஒன்பது மணிக்கு வருகிறேன் என்று சொன்னவள் நான், திருப்பூரில் ஒரு வண்டியில் மாட்டிக்கொண்டு பன்னிரண்டுக்குத்தான் போனேன். நல்ல நேரம் எனக்காகக் காத்திருக்குமா. ஆடி பிறந்துவிட்டால் ஒரு மாதத்துக்கு வண்டி எடுக்க முடியாது, அதற்கு முன்னால் இருந்த ஒரே நல்ல நாள் அது. நான் போய்ச் சேர்வதற்குள் விற்கிற இடத்து வாசலிலேயே பூசை முடிந்திருந்தது. பானெட்டில் மாலை, நான்கு சக்கரத்துக்கும் சந்தனமும் குங்குமமும், அடியில் நசுங்கின எலுமிச்சம்பழம், காற்றெல்லாம் கற்பூரமும் பழத்தோலும். பின்பக்கத்தை மட்டும் தூக்கிப் பார்த்து இறக்கிவிட்டு, சக்கரத்தைக் கழட்ட மறுபடியும் ஜாக்கியை எடுத்தேன். எடுத்தேன், அது நிஜம், என் கையில் இருந்தது. தரணியின் அம்மா பாப்பாத்தியம்மா வந்து என் கை மேல் கை வைத்தார். காய்ப்பு ஏறின கை. "பூச போட்ட சக்கரத்தக் கழட்டப்படாது அம்மிணி. தரணியோட அப்பா புது ரிக்கு எடுத்தப்ப பூச போட்ட அன்னிக்கே டயரக் கழட்டுனாங்க. எட்டாம் நாளு அந்த ரிக்குலயேதான் போயிட்டாரு. வேண்டாஞ் சாமி, எனக்காவ விட்டுரு" என்றார். கண்ணில் தண்ணீர் இல்லை, கெஞ்சலும் இல்லை, தெரிந்ததைச் சொல்கிற குரல். எத்தனை ஆம்பிளைகளோடு மல்லுக்கு நின்றிருக்கிறேன், சார் வரலீங்களா என்று கேட்டவனையெல்லாம் காரின் அடியில் படுக்கவைத்துப் பேசியிருக்கிறேன். அந்த அம்மாவிடம் என்னால் முடியவில்லை. தாலியில்லாத கழுத்தைப் பார்த்துக்கொண்டு எப்படி மறுக்கிறது.

இப்படிச் சொல்லிக்கொண்டால் நன்றாகத்தான் இருக்கிறது. இன்னொன்றும் இருக்கிறது. எனக்கு முழங்கால் வலி. உச்சி வெயில், காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை, குத்தவைத்து உட்கார்ந்து நான்கு சக்கரம் கழட்டி மாட்ட வேண்டுமே என்று இருந்தது. அந்த அம்மா வேண்டாம் என்றதும் உள்ளுக்குள் ஒரு ஆசுவாசம் வந்தது, அதுவும் நிஜம். ஜாக்கியை வைத்தேன். ஒரு வாழை இலைத் துண்டில் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார்கள், நெய் ஒழுக ஒழுகத் தின்றேன். தின்றுகொண்டிருக்கும்போது தரணி பக்கத்தில் வந்து நின்றான். "மேடம், வெள்ளிக்கெழம அம்மாவக் கூட்டிக்கிட்டுக் கொல்லிமல போறனுங்க, குலசாமிக்கு. எழுபது வளைவு. பிரேக் தாங்குமுங்களா?" வாயில் பொங்கல் இருந்தது. "எழுபது வளைவுக்கும் தாங்கும், தைரியமாப் போங்க" என்றேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அவன் ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டே சிரித்தான். இன்று வெள்ளிக்கிழமை.

இன்று வெள்ளிக்கிழமை. போன் எங்கே. டீ டம்ளருக்குப் பின்னால் இருக்கிறது, தெரிகிறது, கை போக மாட்டேன் என்கிறது. மதியம் ஒரு படம் அனுப்பியிருந்தான், கட்டைவிரல் காட்டிவிட்டு மறந்துபோனேன். கோயில் வாசலில் வண்டி, புது மாலை, பக்கத்தில் பாப்பாத்தியம்மா பச்சைச் சேலையில், ஒரு கையைப் பானெட் மேல் மாட்டின் முதுகில் வைப்பது போல வைத்துக்கொண்டு. மேல வந்தாச்சு மேடம், செம வண்டி என்று எழுதியிருந்தான். ஒன்று நாற்பது. அதற்கப்புறம் சாமி கும்பிட்டு, சாப்பிட்டு, அருவி பார்க்கிறதென்றால் பார்த்து, இறக்கம் தொடங்குகிற இடத்துக்கு வந்து சேர மூன்று ஆகும். இப்போது மூன்று இருபத்திரண்டு. ஏறும்போது பிரேக்குக்கு வேலை இல்லை. இறங்கும்போதுதான். சாதாரண பிரேக்கும் இறங்கும், பஸ் இறங்கவில்லையா, மாருதி இறங்கவில்லையா. மெதுவாக இறங்கினால், கியரில் இறங்கினால். இவன் எப்படி இறங்குவான். கையில் முந்நூறு குதிரையை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வளைவுக்கும் நடுவில் ஒரு மிதி, வளைவு வந்ததும் பிரேக்கில் ஒரு மிதி. பெரிய பிரேக் இருக்கிறது என்று ஸ்பேனர் அக்காவே சொல்லிவிட்டாளே. அந்த மூடி வேறு சூட்டை வெளியே விடாது. உள்ளுக்குள்ளேயே வெந்து, பிரேக் ஆயில் கொதித்து, ஆயிலில் குமிழி விழுந்தால் பெடல் பஞ்சாகிவிடும். எனக்கு அது தெரியும், படித்துத் தெரிந்தது இல்லை, உள்ளங்காலில் தெரியும். இருபத்திரண்டு வயதில் பயிற்சிக்கு இருந்தபோது கோத்தகிரி இறக்கத்தில் ஒரு கஸ்டமர் வண்டி. மிதித்தேன், கால் போய்க்கொண்டே இருந்தது. படியில்லாத இடத்தில் படி இருக்கிறது என்று காலை வைத்த மாதிரி ஒரு வெறுமை. தேயிலைச் சரிவில் வண்டியை விட்டு முட்டவைத்து நிறுத்தினேன். அன்று எனக்கு இடது பக்கம் மண் இருந்தது. கொல்லிமலையில் பாதி வளைவுக்கு இடது பக்கம் ஒன்றும் கிடையாது.

நீங்கள் அழைக்கும் வாடிக்கையாளர் தற்போது தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார். என்ன பொறுமையாகச் சொல்கிறாள் இந்தப் பெண். மறுபடியும். தொடர்பு எல்லைக்கு வெளியே. மலை, டவர் இருக்காது, அது சகஜம், மலையில் எல்லாருக்கும் அப்படித்தான். மறுபடியும். ஒருவேளை நான் நினைப்பதெல்லாம் தப்பாக இருந்து, அது நிஜமாகவே பெரிய பிரேக்காக இருந்து, நான் போன் போட்டு அந்தப் பிள்ளையை வளைவில் பதற வைத்து, அதனாலேயே ஏதாவது ஆனால். இது நல்ல சாக்கு. போன் போடாமல் இருப்பதற்கு மனசு எவ்வளவு அழகாக வழி தேடுகிறது. போட்டோ இருக்கிறதே. முன் சக்கரத்தை நானே எடுத்த போட்டோ, ரிப்போர்ட்டில் ஒட்டினேன். அதைப் பார்த்தால் தெரிந்துவிடும், டிஸ்க்கின் ஓரத்துக்கும் ரிம்முக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று. பெரிய டிஸ்க்காக இருந்தால் ஒரு விரல்தான் நுழையும். இதுவரை திறக்கவில்லை. எழுந்து வாசல்வரை போய்விட்டு வந்தேன். காற்றில் ஒரு பிளாஸ்டிக் பை ரோட்டைக் கடந்து போயிற்று. தட், தட் என்று டயர். திறந்தேன். பெரிதாக்கினேன். சந்தனப் பொட்டு, குங்குமம், கம்பி, சிவப்பு, சாய்ந்த எழுத்து. ரிம்முக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் நாலு விரல் இடம், ஒரு கையே போகும். அந்த இருட்டு இடைவெளி அங்கேயே இருந்திருக்கிறது. நான் எடுத்த போட்டோ, நான் வட்டம் போட்டுக் காட்டி, பக்கத்தில் நான் போட்ட டிக்.

ஆறாவது முறை போட்டபோது மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது, எடு, எடு கண்ணு, எடுத்துவிடு. எடுத்தது பாப்பாத்தியம்மா. பின்னால் என்ஜின் ஏறி இறங்குகிற சத்தம், டயர் கீச்சென்று ஒரு வளைவு திரும்புகிற சத்தம்.

"அம்மிணியா? நல்லாருக்கறயா? சாமி கும்புட்டாச்சு, எறங்கிட்டிருக்கறோம். ஒனக்குந்தான் துண்ணூறு வாங்கி வெச்சிருக்கறேன்."

"அம்மா, வண்டியை நிறுத்தச் சொல்லுங்க."

"கேக்குல அம்மிணி. இங்க பாரு, என்னமோ கருகுற வாசமடிக்குது. கோயில்ல வெச்ச எலுமிச்சம்பழம் சக்கரத்துல ஒட்டிக்கிச்சாட்ட இருக்குது. கீழ போயிப் பாத்துக்கலாங்கறான் இவன்."

அந்த வாசம் இங்கே, இந்த அறைக்குள்ளேயே வந்துவிட்ட மாதிரி இருந்தது. "எத்தனாவது வளைவும்மா? போர்டு இருக்கும் பாருங்க."

"இரு... நாப்பத்தொண்ணு."

போர்டில் எண் அடிவாரத்திலிருந்து ஏறுகிறது, இறங்க இன்னும் நாற்பத்தொன்று. ஸ்பீக்கரில் போடச் சொன்னேன். தரணியின் குரல் உற்சாகமாக வந்தது. "சொல்லுங்க மேடம்! வண்டி பறக்குதுங்க."

"தரணி, பிரேக் போடாதீங்க. ஸ்டியரிங்குக்குப் பின்னாடி இடது பேடிலை இழுங்க. இழுத்துக்கிட்டே இருங்க, ஒண்ணாம் கியர் வர்றவரைக்கும். மலைப் பக்கமா ஒதுக்குங்க."

"ஏனுங்க மேடம்? பெரிய பிரேக்குதானுங்களே. நீங்கதான தாங்கும்னீங்க. ரிப்போர்ட்டுலயே டிக் போட்டிருக்கறீங்க."

அவன் சொல்வதில் தப்பே இல்லை. என் எழுத்தை என்னைவிட அதிகமாக நம்புகிறான். அதை உடைக்காமல் அவனை நிறுத்த முடியாது.

"நான் பாக்கல தரணி. கழட்டிப் பாக்காமயே எழுதினேன். அது வெறும் மூடி. உள்ள இருக்கறது சாதா பிரேக். வெந்துக்கிட்டிருக்குது. பெடல் எப்படி இருக்குது?"

மிதித்துப் பார்த்திருப்பான். அப்புறம் அவன் குரலே மாறி, சின்னப் பிள்ளையின் குரல் மாதிரி வந்தது. "உள்ள போகுதுங்க."

"பேடில். பேடிலை இழுங்க."

என்ஜின் அலறியது. மறுபடியும் அலறியது, இன்னும் கீழே ஒரு கியர். ஒரு பஸ் ஹாரன் மேலே ஏறி வந்து பக்கத்தில் கிழித்துக்கொண்டு போயிற்று. பாப்பாத்தியம்மா ஆத்தா ஆத்தா என்று சொல்லிக்கொண்டே இருந்தார், கத்தாமல், மந்திரம் சொல்வது போல ஒரே அளவாக. ஹேண்ட் பிரேக், மெதுவா, கொஞ்சங் கொஞ்சமா, மலைப் பக்கம், சுவத்துல உரசினாலும் பரவால்ல உரசுங்க என்று நான் கத்துகிறேன். அலைன்மெண்ட் கடைக்காரர் தட்டுவதை நிறுத்திவிட்டு என் வாசலில் வந்து நின்றார். தகரத்தைத் தரையில் இழுக்கிற மாதிரி நீளமாக ஒரு சத்தம் கேட்டது. பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன், பேச்சு நேரம் நான்கு நிமிடம் ஒன்பது, பத்து, பதினொன்று. துண்டிக்கவில்லை. முப்பது. முப்பத்தொன்று. கதவு திறக்கிற சத்தம். யாரோ நடக்கிறார்கள், ஜல்லியில் செருப்பு. யாரோ வாந்தி எடுக்கிறார்கள். குரங்கு கத்துகிறது.

"அம்மிணி" என்றார் பாப்பாத்தியம்மா. மூச்சு வாங்கியது. "நின்னுருச்சு. செவுத்துல சாஞ்சு நிக்குது. சக்கரத்துக்குள்ளருந்து பொகையா வருது, அந்தச் செவப்பு உருகித் தொங்குது."

"கிட்டப் போகாதீங்கம்மா. தண்ணி ஊத்தாதீங்க. தரணியக் கூட்டிக்கிட்டு ரோட்டுக்கு உள்பக்கமா வந்து நில்லுங்க. நான் இப்பவே கிளம்பி வர்றேன். சக்கரத்தை நானே கழட்டறேன்."

அவர் கேட்டாரா என்று தெரியவில்லை.

"நாந்தான் ஒண்ணுந் தெரியாத பொம்பள, கழட்டாதன்னு சொன்னேன்" என்றார். "நீ படிச்சவ, இதே வேலையா இருக்கறவ. நாஞ் சொன்னா நீ கேக்கலாமா அம்மிணி?"

திட்டவில்லை. நிஜமாகவே கேட்டார். பதில் வரும் என்று போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றார், அவர் மூச்சு எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.